பிளேஆஃப் ஆட்டம் முடிந்த அந்த ஒரு மணி நேரம்: வீரர்களுக்கும் பெற்றோருக்கும் முழு வழிகாட்டி

டெக்சஸில் பிள்ளை உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் ஆடினால் நவம்பர் மாத வெள்ளிக்கிழமைகளை மறந்துவிட வேண்டியதுதான். டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில், பள்ளி அணியின் பூஸ்டர் கிளப்பில் (அணிக்கு உதவும் பெற்றோர் சங்கம்) ஆறு சீசனாக பஸ்ஸும் சாப்பாடும் என் பொறுப்பு. முதலில் பெரியவன் ஆடினான், இப்போது சின்னவன். ஆட்டத்தை எப்படி ஆடுவது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு யார் எங்கே தடுக்கி விழுவார்கள் என்பது நன்றாகத் தெரியும். வருஷா வருஷம் புதிதாக வருகிறவர்கள் அதே இடத்தில்தான் விழுகிறார்கள்.

நான் சொல்வது அமெரிக்க ஃபுட்பால், நம் ஊர் கால்பந்து அல்ல. டெக்சஸ் பள்ளிகள் கல்லூரி விதிகளை ஒட்டி ஆடுகின்றன. மற்ற மாநிலங்கள் பள்ளிகளுக்கென்று இருக்கும் தேசியக் கூட்டமைப்பின் விதிகளைப் பின்பற்றுகின்றன. ஆட்டம் முடிந்த பிறகு நடந்துகொள்ளும் முறையில் இதனால் பெரிய வித்தியாசம் கிடையாது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இங்கே பள்ளிப் போட்டிகளை நடத்துவது யு.ஐ.எல். என்ற அமைப்பு. அதன் பெரிய பிரிவான 6ஏ-வில் இரண்டு டிவிஷன், ஒவ்வொன்றிலும் 64 அணிகள் பிளேஆஃபுக்கு, அதாவது சீசன் கடைசியில் நடக்கும் நாக்-அவுட் சுற்றுகளுக்கு, வருகின்றன. ஒரு முறை தோற்றால் சீசன் முடிந்தது. ஆறு சுற்றும் ஜெயித்தால் கோப்பை. அப்படியென்றால் 64 அணிகளில் 63 அணிகளுக்குக் கடைசி ஆட்டம் தோல்வியில்தான் முடியும். எனவே திட்டம் போடும்போது தோல்விக்கும் சேர்த்துப் போடுங்கள். ஜெயித்த இரவைச் சமாளிக்க யாருக்கும் பயிற்சி தேவைப்படுவதில்லை என்று முன்பு நினைத்திருந்தேன். அதுவும் தப்பு என்று பிறகு புரிந்தது.

1. வியாழக்கிழமையே முடிக்க வேண்டியவை

விசில் ஊதிய பிறகு யோசிக்கலாம் என்று விட்டால் காரியம் நடக்காது. அந்த நேரத்தில் பதினேழு வயதுப் பையனுக்கும் சரி, அவன் அப்பாவுக்கும் சரி, யோசிக்கிற நிலை இருக்காது. முன்னாலேயே முடிவெடுத்து வைத்ததை மட்டும்தான் அப்போது செய்ய முடியும்.

கோச்சும் கேப்டன்களும் உட்கார்ந்து நான்கு விஷயங்களைப் பேசி வைக்க வேண்டும். கைகுலுக்கும் வரிசையில் முன்னால் யார், கடைசியில் யார்? ஹெல்மெட் கையிலா, தலையிலா? பள்ளிப் பாட்டை எந்தப் பக்கம் நின்று பாடுவது? கோபக்காரப் பையன்களுக்குப் பக்கத்தில் எந்த உதவிக் கோச் நிற்பார்? கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள்.

பிளேஆஃபில் பெரும்பாலும் இரண்டு ஊருக்கும் நடுவில் ஏதோ ஒரு மைதானத்தில் ஆடுவோம். அது யாருக்கும் பழகிய இடம் இல்லை. எந்த கேட் வழியாகப் பெற்றோர் இறங்கலாம், விருந்தினர் லாக்கர் ரூம் எந்த மூலையில், பஸ் எங்கே நிற்கும் என்ற மூன்றையும் பள்ளியின் விளையாட்டு அலுவலகத்தில் கேட்டு, பெற்றோர் குழுவில் ஒரே செய்தியாகப் போட்டுவிடுங்கள். இதைச் செய்யாத ஒரு வருஷம், எங்கள் பெற்றோர் நாற்பது பேர் எதிரணியின் கேட் வழியாக இறங்கினார்கள். அங்கே அவர்களின் பையன்கள் அழுதுகொண்டிருந்தார்கள். எங்கள் கூட்டமோ பலூனும் மணியுமாகப் போய் நடுவில் நின்றது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அவர்கள் இடத்தில் இருந்து பார்த்தால் அப்படித் தெரிந்திருக்காது.

கையோடு எடுத்துப்போக வேண்டியவை: பெரிய குப்பைப் பைகள் பத்து, டிஷ்யூ பெட்டிகள், தண்ணீர், டேப் வெட்டும் கத்திரி இரண்டு. சாப்பாட்டை ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றாகவே ஆர்டர் செய்யுங்கள். ஜெயித்தால் ஸ்டேக், தோற்றால் சாண்ட்விச் என்று ஒரு வருஷம் யாரோ யோசனை சொன்னார்கள். பசி இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று சொல்லி மறுத்துவிட்டேன்.

2. கடைசி இரண்டு நிமிடம்

கடிகாரம் பூஜ்யத்துக்கு வரும் வரை ஆட்டம் முடியவில்லை. இதை முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மூன்று பாயின்ட் முன்னிலையில் இருக்கும்போது பையன் ஒருவன் எதிராளியைச் சீண்டினால் 15 யார்டு அபராதம். அந்த 15 யார்டு போதும், எதிரணி ஃபீல்ட் கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று பாயின்ட் எடுப்பது) தூரத்துக்கு வந்துவிடும். ஒரே ஆட்டத்தில் இப்படி இரண்டு தடவை பிடிபட்டால் அந்த வீரர் வெளியே.

ஜெயிக்கிற அணி, பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு முழங்காலிட வைத்து நேரத்தைக் கழிக்கும். ஒரு முறை பந்தை ஆடியதற்கும் அடுத்த முறைக்கும் இடையே 40 நொடி ஓடும். எதிரணியிடம் டைம்அவுட் இல்லையென்றால் மூன்று முழங்காலில் இரண்டு நிமிடம் போய்விடும். ஸ்கோரைக் கூட்டாமல், யாரையும் இடிக்காமல் முடிக்கும் வழி இது. தோற்கிற அணியின் லைன்மேன்கள் (முன்வரிசையில் மோதி நிற்கும் ஆட்கள்) அந்த நேரத்தில் கோபத்தில் பாய்ந்து இடிக்கக் கூடாது. முழங்காலிடுகிறவன் அடியை எதிர்பார்க்காமல் தளர்வாக இருப்பான். காயம் அப்படித்தான் வருகிறது. கேப்டன் வரிசைக்கு முன்னால் வந்து, “நிமிர்ந்து நில்லுங்க, அவ்வளவுதான்” என்று வாய்விட்டுச் சொல்லட்டும்.

நிறைய வித்தியாசத்தில் முன்னிலை இருந்தால் நான்காவது குவார்ட்டரிலேயே முதல் வரிசை ஆட்களை உட்கார வைத்துவிடுங்கள். இங்கே ஆறு பேர் ஆடும் சின்னப் பள்ளிப் பிரிவில், இடைவேளையிலோ அதற்கு அப்புறமோ 45 பாயின்ட் வித்தியாசம் வந்தால் ஆட்டமே அத்தோடு முடிந்துவிடும். பதினொரு பேர் ஆட்டத்தில் அப்படி விதி இல்லை. அங்கே பொறுப்பு கோச்சுடையது.

கோச்சின் தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டும் வழக்கத்தைப் பற்றிக் கேட்பார்கள். கொட்டுங்கள், ஆனால் கடிகாரம் நின்ற பிறகு, உங்கள் பெஞ்சுப் பக்கம் மட்டும். நவம்பர் குளிரில் அறுபது வயதுக் கோச் என்றால் ஒரு மாற்றுச் சட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

3. கைகுலுக்கும் வரிசை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். முக்கால்வாசிக் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

கென்டக்கி மாநிலத்தில் 2013 அக்டோபரில் அங்குள்ள பள்ளி விளையாட்டு அமைப்பு எல்லாப் பள்ளிகளுக்கும் ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. முந்தைய மூன்று ஆண்டுகளில் ஆட்டம் முடிந்து கைகுலுக்கும்போது இருபதுக்கும் மேற்பட்ட கைகலப்புகள் நடந்திருந்ததால், சரியான மேற்பார்வை இல்லாமல் இந்த வரிசையை நடத்த வேண்டாம் என்றது. ‘கைகுலுக்கத் தடை’ என்று செய்தி பரவியது. உடனே அந்த அமைப்பு, இது தடை அல்ல, நடத்தினால் ஆள் வைத்து நடத்துங்கள் என்கிறோம் என்று விளக்கம் கொடுத்தது. அதைத்தான் நானும் சொல்கிறேன்.

முதலில் தலைமைக் கோச்சுகள் இருவரும் மைதானத்தின் நடுவில் சந்திப்பார்கள். அவர்கள் கைகுலுக்கும் வரை வீரர்கள் தங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஜெயித்த அணிக்கு அந்த அரை நிமிடம் துள்ளிக் குதித்து முடிக்க உதவும். தோற்ற அணிக்கு முகத்தைத் துடைத்துக்கொள்ள உதவும். எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடினால் வரிசை உருவாகாது, கும்பல்தான் உருவாகும். கும்பலுக்குள் யார் யாரை இடித்தார்கள் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

வரிசைக்கு முன்னால் கேப்டன்கள். பிறகு பத்துப் பேருக்கு ஒரு உதவிக் கோச். கோபக்காரப் பையன் ஒரு கோச்சுக்கு நேர் பின்னால். கடைசியில் ஒரு பெரியவர். கடைசி ஆள் இல்லையென்றால் வரிசையின் வால் பகுதியில் இருப்பவர்கள் நின்று பேச ஆரம்பிப்பார்கள். பேச்சு எப்போதும் அங்கேதான் சூடாகும்.

ஹெல்மெட் விஷயத்தில் கோச்சுகளிடையே இரண்டு கட்சி உண்டு. கையில் இருந்தால் ஆயுதம், தலையிலேயே இருக்கட்டும் என்பது ஒரு கட்சி. முகம் தெரிந்தால்தான் மரியாதை, கழற்று என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. இடது கையில், முன்கம்பியைப் பிடித்து, தொடையோடு ஒட்டித் தொங்கவிட வேண்டும். வலது கை காலியாக இருக்க வேண்டும். எதுவானாலும் அணி முழுக்க ஒரே மாதிரி இருக்கட்டும். பாதிப் பேர் கழற்றி, பாதிப் பேர் போட்டிருந்தால் எதிரில் வருகிறவனுக்கு, இவன் எதற்கோ தயாராகத்தான் போட்டிருக்கிறான் என்று தோன்றும்.

நடக்கிற வேகம் முக்கியம். மெதுவாக நடந்தால் பேச்சு வளரும், ஓடினால் அலட்சியமாகத் தெரியும். கோவிலில் பிரகாரம் சுற்றுகிற வேகம் சரியாக இருக்கும். கை விரித்திருக்க வேண்டும், கண் எதிராளியின் கண்ணில் இருக்க வேண்டும். அறுபது பேருக்கும் “குட் கேம், குட் கேம்” என்று முனகிக்கொண்டே போவதில் தப்பில்லை. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த அறுபதில் ஒருவனிடமாவது நிஜமாக ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்கத் தன் எதிரே நின்றவனைத் தேடி, “54 நீதானே? உன்னைத் தாண்டவே முடியல” என்று சொன்னால் போதும். என் பெரியவனிடம் அப்படிச் சொன்ன ஒரு பையனின் முகத்தை அவன் இன்னும் மறக்கவில்லை. ஸ்கோர் மறந்துவிட்டது.

எதிராளி கையை எடுத்துக்கொண்டால்? நிற்காமல் அடுத்தவனிடம் போக வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. திட்டினாலும் அதேதான். சண்டை வந்தால் மற்றவர்கள் வரிசையை விட்டு ஓடி வரவே கூடாது. ஆட்டத்தின் நடுவே பெஞ்சை விட்டுச் சண்டைக்குள் இறங்கினால் விலக்குத்தான், அதே பழக்கம் இங்கும் இருக்கட்டும். பிரித்துவிடப் போனேன் என்று சொல்கிறவனும் வீடியோவில் சண்டை போடுகிறவன் மாதிரிதான் தெரிவான்.

எதிரணியில் அடிபட்டு ஊன்றுகோலோடு ஓரத்தில் நிற்கும் பையன் வரிசைக்கு வர மாட்டான். கேப்டன் ஒருவர் அவனிடம் நடந்துபோய்க் கை கொடுக்க வேண்டும். இதை முன்கூட்டியே ஒருவருக்கு வேலையாகக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் எல்லோரும் நினைப்பார்கள், யாரும் போக மாட்டார்கள்.

4. நடுவர்களை விட்டுவிடுங்கள்

கடிகாரம் நின்றதும் நடுவர்கள் வேகமாக வெளியேறுவார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பதே அதுதான். நன்றி சொல்லக்கூடப் பின்னால் ஓடாதீர்கள். தூரத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்கும், கூட வரும் போலீஸ்காரருக்கும், நன்றி சொல்ல ஓடுவதும் சண்டைக்கு ஓடுவதும் ஒரே மாதிரிதான் தெரியும். நன்றியை ஆட்டத்துக்கு முன் காசு சுண்டும்போதே கேப்டன்கள் சொல்லிவிடலாம்.

2020 டிசம்பரில் தெற்கு டெக்சஸில் ஒரு வீரர், ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட கோபத்தில் நடுவரை ஓடிவந்து இடித்துத் தள்ளினார். அவருடைய அணி அந்த ஆட்டத்தில் ஜெயித்து பிளேஆஃபுக்குத் தகுதி பெற்றது. ஆனால் பள்ளி மாவட்ட நிர்வாகமே அணியைப் போட்டியிலிருந்து விலக்கிக்கொண்டது. மொத்த அணிக்கும் சீசன் அத்தோடு முடிந்தது. இந்தக் கதையை நான் புதுப் பெற்றோரிடம் ஆகஸ்ட்டிலேயே சொல்லிவிடுவேன். தீர்ப்பில் புகார் இருந்தால் தலைமைக் கோச்சோ விளையாட்டு இயக்குநரோ வீடியோவோடு எழுதி அனுப்பட்டும். கேலரியில் இருந்து கத்துவது எந்தத் தீர்ப்பையும் மாற்றியதில்லை.

5. பாட்டு, ஜெபம், போட்டோ

வரிசை முடிந்ததும் வீரர்கள் தங்கள் பக்கத்து கேலரிக்கு முன் போய், பேண்ட் வாசிக்க, பள்ளிப் பாட்டு பாடுவார்கள். தோற்ற அணிக்குத்தான் இது கஷ்டம். நேராக லாக்கர் ரூமுக்குள் போய் ஒளிந்துகொள்ளத் தோன்றும். விடாதீர்கள். மார்ச்சிங் பேண்ட் பிள்ளைகளும் நடனக் குழுவும் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் வாசிக்கும்போது முன்னால் யாரும் இல்லையென்றால் அது அவமானம்.

எதிரணியின் பாட்டு ஓடினால் கத்தாமல் நில்லுங்கள். ராணுவக் கல்லூரிக்கும் கடற்படைக் கல்லூரிக்கும் நடக்கும் வருடாந்தர ஆட்டத்தில் தோற்றவர்களின் பாட்டு முதலில் பாடப்படும், இரண்டு அணியும் சேர்ந்து நிற்கும். ஜெயித்தவர்கள் இரண்டாவதாகப் பாடுவார்கள். ‘இரண்டாவதாகப் பாட வேண்டும்’ என்பதே அங்கே வெற்றிக்கு இன்னொரு பெயர். உங்கள் கோச்சுகள் இருவரும் ஒப்புக்கொண்டால் அதே முறையைப் பள்ளியிலும் வைக்கலாம்.

பிறகு நடு மைதானத்தில் சிலர் முழங்காலிட்டு ஜெபம் செய்வார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் குழம்பும் இடம் இது. 2022-இல் கென்னடி எதிர் பிரெமர்ட்டன் வழக்கில், ஆட்டம் முடிந்தபின் நடு மைதானத்தில் ஜெபம் செய்த அரசுப் பள்ளிக் கோச்சுக்கு அந்த உரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது அவர் உரிமை, உங்கள் பிள்ளைக்கு அது கடமை அல்ல. சேர விருப்பம் இருந்தால் சேரலாம். இல்லையென்றால் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு அடி தள்ளி அமைதியாக நிற்கலாம். அந்த நேரத்தில் போனை எடுப்பது, சிரிப்பது, முதுகைக் காட்டி நடப்பது மூன்றும் வேண்டாம். என் சின்னவன் தள்ளி நிற்பான். ஒருவரும் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை.

ஜெயித்த அணி போட்டோ எடுக்கும். தங்க நிறப் பந்துக் கோப்பையோடு எல்லோரும் ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், தாராளமாக நிற்கட்டும். உங்கள் பக்கத்தில், உங்கள் கேலரிக்கு முன்னால், பத்து நிமிடத்தில் முடிக்க வேண்டும். நடுவில் இருக்கும் அடுத்தவர் சின்னத்தை மிதிப்பது, கொடி நடுவது கூடவே கூடாது. 2024 நவம்பர் 30 அன்று மிச்சிகன் பல்கலைக்கழக அணி, ஓஹயோ ஸ்டேட் மைதானத்தில் ஜெயித்துவிட்டு நடுவில் கொடியை ஊன்றப் போனது. கைகலப்பு வந்து, போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடிக்கும் அளவுக்குப் போனது. இரண்டும் ஆடும் கல்லூரி லீக்கான பிக் டென் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் தலா 1 லட்சம் டாலர் அபராதம் போட்டது. சனிக்கிழமை டிவியில் பார்த்ததைப் பள்ளிப் பையன்கள் அடுத்த வெள்ளிக்கிழமை செய்து பார்ப்பார்கள். அதனால்தான் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

6. பெற்றோர் மைதானத்தில் இறங்கும்போது

கோச் தன் பையன்களைச் சுற்றி உட்கார வைத்துப் பேசி முடிக்கும் வரை கேட்டுக்கு வெளியே நில்லுங்கள். தோற்ற அணியில் அந்தப் பேச்சு நீளும். சீனியர்களை, அதாவது பள்ளியில் கடைசி வருஷப் பையன்களை, ஒவ்வொருவராகக் கட்டிப்பிடிப்பார்கள். அது அவர்கள் நேரம். வட்டத்துக்குள் போனை நீட்டி வீடியோ எடுக்காதீர்கள்.

உள்ளே போனதும் பேச்சு வேண்டாம். முதலில் கை, அப்புறம்தான் வாய். ஒரு வருஷம் பார்த்த காட்சி: ஒரு சீனியர் லைன்மேன், ஆறடிக்கு மேல், பெஞ்சில் தனியாக உட்கார்ந்து மணிக்கட்டு டேப்பை உரித்துக்கொண்டிருந்தான். வியர்வையில் ஊறி இறுகிப்போன டேப். நகத்தால் ஓரத்தைச் சுரண்டுகிறான், வரவில்லை. சுரண்டுவதை நிறுத்தவும் இல்லை. அவன் அப்பா வந்தார். ஒன்றும் சொல்லாமல் என் கையிலிருந்த கத்திரியை வாங்கி, முன்னால் குந்தி உட்கார்ந்து, உள்பக்கமாகக் கத்திரியை விட்டு மெதுவாக வெட்டினார். ஒரு கை முடிந்ததும் பையன் இன்னொரு கையைத் தானாக நீட்டினான். கத்திரி இரண்டு கொண்டுபோகச் சொன்னேனே, அன்றிலிருந்துதான்.

சொல்லக் கூடாத வாக்கியங்கள் சில உண்டு. “அந்தக் கேட்சைப் பிடிச்சிருந்தா...”, “ரெஃப்ரி ஏமாத்திட்டான்”, “பரவாயில்ல, வெறும் விளையாட்டுதானே.” கடைசியில் இருப்பதுதான் மோசம். ஆகஸ்ட் வெயிலிலிருந்து தினமும் உழைத்தவனிடம் அதை வெறும் விளையாட்டு என்று சொன்னால் ஆறுதலாக இருக்காது. அடுத்த பையனின் தவறைக் குறிப்பிட்டுத் தன் பையனைத் தேற்றுவதும் நிறைய நடக்கிறது. அந்தப் பையனின் அம்மா இரண்டடி தள்ளித்தான் நிற்பார்.

இன்னொன்று. அழுகிறானா, தலையில் அடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெளிச்சம் கூசுகிறது, தலை வலிக்கிறது, கேட்டதையே திரும்பக் கேட்கிறான், வாந்தி வருகிறது என்றால் சோகம் என்று விட்டுவிடாதீர்கள். அறிகுறிகள் தாமதமாகவும் தெரியலாம். டெக்சஸில் 2011-இல் வந்த சட்டப்படி, மூளை அதிர்ச்சி என்று கோச்சோ மருத்துவரோ பெற்றோரோ சந்தேகப்பட்டாலே அன்று ஆட விடக் கூடாது. மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகே திரும்ப வர முடியும். ஜெயித்த அணியில்தான் பையன்கள் இதை மறைப்பார்கள், அடுத்த வாரம் ஆட்டம் இருக்கிறதே. அணியில் காயங்களைக் கவனிக்கும் டிரெய்னரிடம் அப்போதே சொல்லுங்கள்.

7. லாக்கர் ரூமும் பஸ்ஸும்

விருந்தினர் லாக்கர் ரூமைக் காலி செய்வதற்கு முன் டேப் உருண்டைகள், பாட்டில்கள், சேற்றுக் கட்டிகள் எல்லாம் குப்பைப் பைக்குள் போக வேண்டும். சீனியர்களும் சேர்ந்து பொறுக்கட்டும். சின்னப் பையன்களிடம் மட்டும் தள்ளிவிடும் அணிகளில் அது அப்படியே பரம்பரையாக வரும். தோற்ற கோபத்தில் லாக்கர் கதவை உதைத்தால் பில் திங்கள்கிழமை பள்ளிக்கு வரும்.

பஸ்ஸில் தோற்ற அணிக்குப் பாட்டு வேண்டாம். ஜெயித்த அணி பார்க்கிங்கை விட்டு வெளியே போன பிறகு பாட்டைப் போடலாம். இரண்டு பஸ்ஸும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும், ஜன்னலும் திறந்திருக்கும். சாப்பாட்டுப் பெட்டியை ஏறும்போதே கையில் கொடுத்துவிடுங்கள். உட்கார்ந்த பிறகு கொடுத்தால் பின் சீட்டுக்குப் போகாது.

8. போன்

24 மணி நேரம். கோச்சுகள் புகார் சொல்ல வரும் பெற்றோருக்கு வைத்திருக்கும் இந்தக் கெடுவையே போனுக்கும் வைத்துவிடலாம். எதிரணி வீரன் கீழே விழும் கிளிப், ஸ்கோர்போர்டை எடுத்துக் கிண்டல், யாரையும் பெயர் சொல்லித் திட்டுவது எதுவும் வேண்டாம். நம் அணிக்குப் பாராட்டும், எதிரணிக்கு ஒரு வாழ்த்தும் போடலாம்.

பையன்களை விடப் பெற்றோர் குழுதான் என்னைப் படுத்தும். ராத்திரி பதினொன்றரைக்கு யாராவது, “கோச் அந்த நாலாவது டவுன்ல ஏன் போனார்?” என்று ஆரம்பிப்பார்கள். ஐந்து நிமிடத்தில் நாற்பது செய்தி. யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பையன்களுக்கு அனுப்பிவிடுவார்கள். குழுவின் நிர்வாகி ஆட்டம் முடிந்ததும் நிர்வாகி மட்டும் எழுதும்படி மாற்றி, மறுநாள் மதியம் திறந்துவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

9. வீட்டுக்குப் போகும் கார்

பஸ் பள்ளிக்கு வரும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். பையன் காரில் ஏறுவான். இந்த இருபது நிமிடத்தில் நான் செய்த தவறை யாரும் செய்ய வேண்டாம். பெரியவனின் முதல் பிளேஆஃப் தோல்வி அன்று, சமாதானம் என்று நினைத்து நான் ஆட்டத்தை முதல் குவார்ட்டரிலிருந்து அலச ஆரம்பித்தேன். இரண்டாவது சிக்னலில் அவன், “அப்பா, ப்ளீஸ். இப்ப வேணாம்ப்பா” என்றான். குரல் உடைந்திருந்தது. நான் நிறுத்தவில்லை. அடுத்த இரண்டு சீசன் அவன் நண்பன் காரில்தான் வீட்டுக்கு வந்தான்.

இப்போது சின்னவனிடம் ஒரே கேள்விதான்: “பசிக்குதா?” டெக்சஸில் அந்த நேரத்துக்கும் வாட்டபர்கர் என்ற பர்கர் கடை திறந்திருக்கும். சில சமயம் வீட்டில் தயிர்சாதமும் மாவடுவும். அவனாகப் பேசினால் கேட்பேன், பேசாவிட்டால் ரேடியோ. ஆட்டத்தைப் பற்றிய முதல் பேச்சை அவன்தான் தொடங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை ஆனாலும் சரி.

ஜெயித்த இரவும் இதேதான். பையன் நான்கு டச்டவுன் போட்டிருந்தாலும், காரில் கூட வரும் நண்பன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்திருக்கலாம். பின் சீட்டைப் பார்த்துக்கொண்டு பேசுங்கள்.

10. சனி முதல் திங்கள் வரை

ஜெயித்தவர்களுக்கு சனிக்கிழமை காலையே சிகிச்சையும் வீடியோவும் இருக்கும். மூன்றாவது சுற்று நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலல் நாளை (தேங்க்ஸ்கிவிங்) ஒட்டி வரும். அன்று காலை பயிற்சிக்குப் போவதை இங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். உறவினர் வீட்டுப் பயணத்தை முன்பதிவு செய்துவிட்டு, அணி தோற்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்ட அப்பா ஒருவரை எனக்குத் தெரியும். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கக்கூடியதாக எடுங்கள்.

தோற்ற அணியின் கேப்டன்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எதிரணிக் கோச்சுக்கு, தங்கள் கோச் வழியாக, நான்கு வரி எழுதலாம். அடுத்த சுற்றுக்கு வாழ்த்து, நன்றாக ஆடிய இரண்டு பேரின் எண். அவ்வளவு போதும். நீளமாக எழுதினால் அதில் ஒரு சாக்கு எப்படியும் நுழைந்துவிடும்.

புகார் இருந்தால் 24 மணி நேரம் கழிந்த பிறகு நேரம் கேட்டு கோச்சைப் போய்ப் பாருங்கள். பையனை ஏன் ஆட விடவில்லை என்ற கேள்வியைப் பையனே முதலில் கேட்கட்டும். பாதுகாப்பு பற்றிய விஷயம் என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அன்றே சொல்லுங்கள்.

திங்கள்கிழமை பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும் நாள். ஹெல்மெட், ஷோல்டர் பேட், ஜெர்சி எல்லாம் பள்ளிக்குச் சொந்தம். ஹெல்மெட்டுகள் சோதனைக்கும் பழுதுபார்ப்புக்கும் போகும். ஜெர்சியைத் துவைத்து, உள்ளே இருக்கும் எண்ணைச் சரிபார்த்துக் கொடுங்கள். சீனியர்களுக்கு ஹெல்மெட்டைக் கொடுக்கும் நேரம்தான் கனமாக இருக்கும். அதனால் அவர்களைக் கடைசியாகக் கூப்பிடச் சொல்லி, அறையில் கூட்டம் குறைந்த பிறகு அனுப்புவது எங்கள் வழக்கம். முன்பக்கம் ஒட்டியிருக்கும் பெயர் டேப்பைப் பையனே உரித்து வைத்துக்கொள்ளலாம், பள்ளிக்கு அது தேவையில்லை. பல்காப்பையும் அவனே எடுத்துக்கொள்ள வேண்டும். லாக்கர் பூட்டை மட்டும் மறக்காமல் ஒப்படைத்து, பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.